பெயரை எடுத்துவிட்டு அனுப்பு

மேலாண்மைத் துறை ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்புகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. கட்டுரைக்குள் எழுதியவர் பெயர் இருக்கக் கூடாது. பெயர், படித்த இடம், வேலை செய்கிற இடம், நன்றி சொல்லும் வரிகள் எல்லாவற்றையும் தனியாக எழுதிப் பதிப்பாசிரியரிடம் மட்டும் கொடுக்க வேண்டும். கட்டுரையை மதிப்பிடுகிற இரண்டு மூன்று பேருக்கு அது யார் எழுதியது என்று தெரியாது. மதிப்பிட்டவர்கள் யாரென்று எழுதியவருக்கும் தெரியாது. 'நான் முன்பு எழுதியதுபோல' என்று ஒரு வரி தப்பித் தவறி இருந்தால் அதையும் மாற்றச் சொல்கிறார்கள்.

பெயரைக் கேட்டதும் ஊரைக் கேட்கிற, ஊரைச் சொன்னதும் தெருவைக் கேட்கிற நாட்டில் இந்த விதியை நாம் எப்படிப் பார்ப்பது? நம்மை இனம் கண்டு ஒதுக்குகிற கண்ணுக்குக் கட்டுப் போடுகிற ஏற்பாடு என்று வரவேற்பதா? பேசுகிறவளை அழித்துவிட்டுப் பேச்சை மட்டும் எடுத்துக்கொள்கிற பழைய வேலையின் புது வடிவம் என்று சந்தேகப்படுவதா? எழுதியதைத் 'திருத்து' என்று அவர்கள் சொல்லும்போது எதுவரை திருத்தலாம்? எந்த இடத்தில் முடியாது என்று நிற்க வேண்டும்?

தமிழ் எம்.ஏ. படித்துவிட்டுத் தர்மபுரி மாவட்டத்தில் இயக்க வேலை செய்துகொண்டிருக்கிற எனக்கும் மேலாண்மை ஆய்விதழுக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். என் சித்தப்பா மகள் எம்.பி.ஏ. முடித்து, ஒரு கல்லூரியில் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பிஎச்.டி. செய்கிறாள். ஆய்வுக்காக அவள் கைபேசியில் பதிவு செய்து வந்த பேச்சுகளைக் கேட்டு எழுத்தில் இறக்கியது நான்தான். அந்தப் பேச்சு ஆங்கிலத்துக்குப் போகும்போது என்ன ஆகிறது என்று அவளோடு மாதக்கணக்கில் சண்டை போட்டதும் நான்தான். கட்டுரை தயாரானதிலிருந்து அனுப்பப்பட்டுத் திரும்பி வந்தது வரை கூடவே இருந்தேன். இதழின் பெயரையும் கல்லூரியின் பெயரையும் இங்கே எழுதவில்லை. எழுதினால் யாரோ ஒருவரின் குற்றம் என்று இந்த விஷயம் சுருங்கிவிடும்.

கட்டுரை அச்சாவது அவளுக்கு வெறும் பெருமைச் சமாச்சாரம் கிடையாது. பிஎச்.டி. ஆய்வேட்டைக் கொடுக்கும் முன்பு ஆய்விதழில் கட்டுரை வந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் எடுத்துவிட்டது உண்மைதான். ஆனால் அதே குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கான நேர்காணலுக்கு ஆள் பொறுக்கும்போது அச்சான கட்டுரை ஒன்றுக்கு 2 மதிப்பெண், மொத்தம் 6 வரை. தொகுப்பூதியத்தில் வருடா வருடம் வேலை இருக்குமா இருக்காதா என்று தெரியாமல் கிடக்கிறவளுக்கு அந்த 2 மதிப்பெண் சாப்பாட்டுப் பிரச்சினை. இந்தப் பசியை வைத்தே ஒரு சந்தை நடக்கிறது. பணம் கட்டினால் பத்து நாளில் அச்சு. மதிப்பீடும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. 2018 மே மாதம் மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து ஒரே வீச்சில் 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு 'கேர்' என்று ஒரு பட்டியல் கொண்டுவந்து, 2025 பிப்ரவரியில் அதையும் நிறுத்திக்கொண்டது. முதல் தலைமுறையாகப் படித்து வருகிற பிள்ளைகளுக்கு எந்த இதழ் நல்லது, எது கடைவிரித்தது என்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. தங்கை பணம் கட்டுகிற வழிக்குப் போகவில்லை. மதிப்பிட்டு வெளியிடுகிற இதழுக்கே அனுப்பினாள்.

*

முதலில் பெயர் நீக்கத்தின் பக்கம் இருக்கிற நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் செய்த ஆய்வு ஒன்று 2007இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் வந்தது. 66 வாரங்கள் செய்தித்தாள்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். தகுதி ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. சிலவற்றில் மேல்சாதி இந்துப் பெயர், சிலவற்றில் தலித் என்று தெரிகிற பெயர், சிலவற்றில் முஸ்லிம் பெயர். நேர்காணலுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை மேல்சாதிப் பெயருக்கு 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. ஆளைப் பார்க்கவில்லை, குரலைக் கேட்கவில்லை. தாளில் இருந்த பெயரே வேலையை முடித்துவிட்டது.

ஆய்வுலகம் மட்டும் யோக்கியமா? அமெரிக்காவில் பீட்டர்ஸ், சீசி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1982இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பெரிய பல்கலைக்கழகத்துக்காரர்கள் எழுதி ஏற்கெனவே அச்சான 12 கட்டுரைகளை எடுத்து, ஆசிரியர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் யாரும் கேள்விப்படாத பெயர்களாக மாற்றி, அதே இதழ்களுக்கே திரும்ப அனுப்பினார்கள். மூன்றை மட்டும் 'இது பழைய கட்டுரை' என்று கண்டுபிடித்தார்கள். மீதி ஒன்பதில் எட்டு நிராகரிக்கப்பட்டன. ஆய்வு முறையில் குறை இருக்கிறதாம்! பெரிய இடத்துப் பெயரோடு போனபோது அந்தக் குறை கண்ணில் படவில்லை.

ஆகவே பெயரை எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் பார் என்று சொல்வதில் நமக்கு லாபம் உண்டு. 'நம் அடையாளத்தை மறைத்துக்கொண்டு ஏன் போக வேண்டும், இது கோழைத்தனம்' என்கிற தோழர்களோடு நான் உடன்படவில்லை. பரீட்சைத் தாளில் பெயருக்குப் பதில் எண் போட்டு எழுதித்தான் நம்மில் பலர் இங்கு வந்து சேர்ந்தோம். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிற உரிமையை நான் விட்டுத்தர மாட்டேன்.

ஆனால் கட்டுரைக்குள் எழுதியவருடைய பெயர் மட்டும் இல்லை. வேறு பல பேர் இருக்கிறார்கள்.

*

தர்மபுரியிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிற சனங்களைப் பற்றிய கட்டுரை அது. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துக் காலனிகளில் சித்தாள் வேலைக்குப் பெங்களூர் போகாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அவர்களில் 'மோல்டு' போடப் போகிற பெண்கள் கூட்டம் ஒன்றைத் தங்கை எடுத்துக்கொண்டாள். மோல்டு என்றால் கூரைத்தளத்துக்குக் கான்கிரீட் போடுவது. மிக்சர் மிஷினிலிருந்து மேல்தளம் வரை வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றி ஏற்ற வேண்டும். கலந்தது இறுகுவதற்குள் கொட்டியாக வேண்டும். ஆரம்பித்தால் முடிகிறவரை நிறுத்த முடியாது.

நிறுத்த முடியாத வேலையில் களைத்தவளுக்கு எப்படி ஓய்வு கொடுப்பது? இதுதான் ஆய்வின் கேள்வி. அந்தப் பெண்கள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வரிசையில் ஒவ்வொரு இடத்துக்கும் பாரம் வேறு. மிஷின் வாயில் நிற்பது கஷ்டம். சாரத்தின் நடுப்படியில் நிற்பது அதைவிடக் கஷ்டம். கீழே குனிந்து வாங்கி மேலே நிமிர்ந்து கொடுக்க வேண்டும். காலிச் சட்டியைக் கீழே அனுப்புவது லேசு. இத்தனை மூட்டை சிமெண்டுக்கு ஒரு 'மாத்து' என்று கணக்கு வைத்து, வரிசை நிற்காமலே இடம் மாறிக்கொள்கிறார்கள். மாதவிலக்கு நாளில் இருப்பவளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் காலிச் சட்டி. குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு மணல் குவியல் ஓரம் உட்கார்ந்திருக்கிற ஆயாவுக்கும் முழு ஆள் பங்கு. கடிகாரம் கிடையாது, கங்காணி கிடையாது, எழுதி வைத்த விதியும் கிடையாது. இதை மேலாண்மை என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது என்பதுதான் தங்கையின் வாதம்.

ஆய்வு நெறிப்படி ஒவ்வொருவரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும். கைநாட்டு வைக்கிற தாளைப் பார்த்ததும் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். 1892இல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் எப்படிக் கைமாறியது என்று எந்தக் காலனியில் கேட்டாலும் ஒரு கைநாட்டுக் கதை வரும். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. தங்கை தாளை மடித்து வைத்துவிட்டு, எதற்காகக் கேட்கிறேன் என்று வாயால் சொல்லி, அவர்கள் வாயால் சம்மதம் சொன்னதைப் பதிவு செய்துகொண்டாள்.

அடுத்த நெறி, பேசியவர்களின் பெயரை மாற்ற வேண்டும் என்பது. ஊர் 'தென்னிந்தியாவின் ஒரு மாவட்டம்' ஆயிற்று. ஆட்கள் 'பங்கேற்பாளர் 1', 'பங்கேற்பாளர் 2' ஆனார்கள். எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டியபோது அந்த ஆயா கேட்டது:

"ஏம் பாப்பா, நாஞ் சொன்னதெல்லாம் இருக்குது, எம்பேரக் காணோமே?"

"பேரு போடக்கூடாதுன்னு சட்டம் ஆயா. உங்களுக்கு ஒண்ணும் கெடுதல் வந்துறக்கூடாதுன்னுதான்."

"நா என்னா திருட்டு வேலையா பண்ணுனேன்? மாத்து வெச்ச கணக்கச் சொன்னேன். அந்தக் கணக்கு எங்க அத்தகிட்ட நாங் கத்துக்கிட்டது. அவ பேரயாவது போடு."

இந்தக் கேள்விக்குத் தங்கையிடம் பதில் இல்லை. இரண்டு பெயர் நீக்கங்களும் ஒன்றில்லை என்பதை அந்த ஆயா ஒரே பேச்சில் காட்டிவிட்டது. எழுதியவள் பெயர் மதிப்பீடு முடிகிறவரைதான் மறைவு. அச்சாகும்போது கட்டுரைக்கு மேலே கொட்டை எழுத்தில் வந்துவிடும். சில இடங்களில் வழிகாட்டியின் பெயரும் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாம் உழுவோம், பட்டா வேறொருவர் பெயரில் இருக்கும். அறிவைக் கொடுத்தவளின் பெயரோ போனது போனதுதான்.

மேலாண்மை என்கிற படிப்பு தொடங்கியதே இப்படித்தான். அந்தத் துறையின் மூலநூல் என்று சொல்லப்படும் ஃபிரெடரிக் டெய்லரின் புத்தகம் 1911இல் வந்தது. பெத்லகேம் உருக்காலையில் இரும்புப் பாளம் சுமந்த ஒரு கூலித் தொழிலாளியின் கதை அதில் பிரபலம். நாளைக்கு 12.5 டன் சுமந்துகொண்டிருந்தவரைத் தன் அறிவியல் முறையால் 47.5 டன் சுமக்க வைத்ததாகவும், கூலியை 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்த்தியதாகவும் டெய்லர் எழுதினார். சுமை ஏறக்குறைய நான்கு மடங்கு. கூலி ஒன்றரை மடங்கைக் கொஞ்சம் தாண்டியது. அந்தத் தொழிலாளிக்கு 'ஷ்மிட்' என்று ஒரு பொய்ப்பெயர் வைத்தார். இந்த வேலைக்கு ஏற்றவன் மாடு மாதிரி மந்தபுத்தி உள்ளவன் என்று விளக்கமும் எழுதினார். அவருடைய உண்மைப் பெயர் ஹென்றி நோல். வேலை முடிந்து வந்து தன் கையால் தனக்கு வீடு கட்டிக்கொண்டிருந்த மனுசன். டெய்லர் சொன்ன கதையில் பல பகுதிகள் ஆலையின் பதிவுகளோடு ஒத்துப்போகவில்லை என்று ரெகி, பெரோனி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1974இல் எழுதினார்கள். அமெரிக்க மேலாண்மைக் கழகத்தின் ஆய்விதழே அதை வெளியிட்டது. அதற்குள் அறுபது வருடத்துக்கு மேல் 'ஷ்மிட்' மந்தபுத்திக்காரனாகவே பாடம் நடத்தப்பட்டாயிற்று. பெயர் இருந்திருந்தால் அவரோ அவர் பிள்ளைகளோ எழுந்து 'இது பொய்' என்று சொல்லியிருக்கலாம். பொய்ப்பெயர் அந்த வாயை அடைத்தது.

பெயரை மறைப்பது எப்போதும் அநியாயம் என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் மாவட்டத்தின் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20இல் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து செய்த கொடுமையில் பாலியல் வன்முறைக்கு ஆளான 18 பழங்குடிப் பெண்களின் பெயரை வெளியிடக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அது அவர்களைக் காக்கிற மறைப்பு. கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த மறைப்பு யாரைக் காக்கிறது? பெயருக்கு உடையவளைக் காக்கிறதா, அவள் பெயரை எடுத்த நிறுவனத்தைக் காக்கிறதா? அதைவிட முக்கியம், அவளைக் கேட்டுச் செய்ததா? மாத்துக் கணக்கைச் சொல்லிக்கொடுத்த ஆயாவுக்குப் பெயர் வருவதால் ஒரு கெடுதலும் இல்லை. முன்பணக் கடனைப் பற்றியும் மேஸ்திரியைப் பற்றியும் பேசிய மற்ற பெண்களுக்குக் கெடுதல் உண்டு. எல்லாருக்கும் ஒரே விதி என்று நீட்டினால் காப்பதும் களவாடுவதும் ஒன்றாகிவிடுகிறது.

*

நாலு மாதம் கழித்து மதிப்பீடு வந்தது. மூன்று பேர் எழுதியிருந்தார்கள்.

ஒருவர், எத்தனை நாள் கூட இருந்து பார்த்தீர்கள், ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டு எல்லாக் கூட்டமும் இப்படி என்று சொல்லலாமா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. தங்கை இன்னும் இரண்டு கூட்டங்களோடு போய் இருந்துவிட்டு வந்து எழுதினாள். கட்டுரை நன்றாகத்தான் ஆயிற்று.

இரண்டாமவர், இது உறவுமுறை ஒத்தாசை, இதில் மேலாண்மை எங்கே இருக்கிறது, கோட்பாட்டுக்கு இதன் பங்களிப்பு என்ன என்று கேட்டிருந்தார். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் சேர்ந்து கம்பெனி நடத்தினால் அது 'குடும்ப வணிகம்' என்று மேலாண்மைப் பாடத்தில் இருக்கிறது. அதற்கென்றே தனி ஆய்விதழ்கள் உண்டு. அத்தையும் மருமகளும் சேர்ந்து மோல்டு போட்டால் அது ஒத்தாசையா?

மூன்றாமவர், ஆசிரியர் இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்போல் தெரிகிறது, அதனால் சார்பு ஏற்பட இடமுண்டு என்று எழுதியிருந்தார். கூடவே, சாதி என்ற சொல்லையும் 'காலனி' என்ற சொல்லையும் எடுத்துவிட்டு 'சமூகரீதியாகப் பின்தங்கிய குழு' என்று போட்டால் வெளிநாட்டு வாசகர்களுக்கு வசதியாக இருக்கும் என்று யோசனை.

பெயரை எடுத்தும் தெருவைக் கண்டுபிடித்துவிட்டார் பாருங்கள். இருபது வருடம் ஒரு கம்பெனியில் இருந்தவர் அந்தக் கம்பெனியைப் பற்றி எழுதினால் அதை அனுபவம் என்கிறார்கள். நம் பிள்ளை நம் சனத்தைப் பற்றி எழுதினால் சார்பு. இந்தியாவின் பெரிய 1,000 கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களில் நூற்றுக்கு 93 பேர் முன்னேறிய சாதியினர் என்றும், பட்டியல் சாதி, பழங்குடியினர் சேர்ந்து 3.5 பேர்தான் என்றும் 2012இல் வந்த ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது. அந்த 93 பேரின் உலகத்தை அந்த 93 பேரின் பிள்ளைகள் ஆராயும்போது யாராவது சார்பு என்று கேட்டிருக்கிறார்களா?

சம்பந்தப்பட்டவரின் பேச்சு செல்லாது என்றால் வாச்சாத்தி வழக்கே கிடையாது. அந்தப் பெண்கள் சொன்ன சாட்சியைத்தான் நீதிமன்றம் குறுக்கு விசாரணை செய்து, சோதித்து, ஏற்றது. 2011 செப்டம்பர் 29இல் தர்மபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பக்கத்தில் நிற்பவளின் சாட்சியைச் சோதிக்கலாம், சோதிக்கத்தான் வேண்டும். பக்கத்தில் நிற்கிறாள் என்பதையே குற்றமாக்க முடியாது.

அப்படியானால் எதைத் திருத்துவது, எதை மறுப்பது? இந்த இடத்தில் அம்பேத்கர் வாழ்க்கையில் நடந்த இரண்டு காரியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆய்விதழுக்கு எழுதுவது அவருக்குப் புதிதில்லை. 1916 மே 9இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாதியைப் பற்றி அவர் படித்த கட்டுரை 1917இல் 'இந்தியன் ஆண்டிக்வரி' ஆய்விதழில் அச்சாயிற்று. கட்டுரைக்கு இடம் கிடைத்த அந்த ஆண்டில்தான் பரோடாவில் குடியிருக்க ஒரு அறை கிடைக்காமல் அலைந்தார். பிறகு, ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வேட்டை 1922இல் லண்டனில் கொடுத்தபோது தேர்வாளர்கள் திருத்தி எழுதச் சொன்னார்கள். முடிவுகளை விட்டுக்கொடுக்காமல் அதைத் திருத்தி எழுதி 1923இல் பட்டம் வாங்கினார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல், மாநாட்டுத் தலைமை உரையில் சில பகுதிகளை நீக்கச் சொன்னபோது ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்று பதில் எழுதினார். மாநாடு ரத்தாயிற்று. அந்த உரையைச் சொந்தச் செலவில் 1,500 பிரதி அச்சிட்டார். இன்று உலகமே படிக்கிற 'சாதி ஒழிப்பு' அதுதான்.

ஒரே மனிதர் ஒரு இடத்தில் வளைந்தார், ஒரு இடத்தில் வளையவில்லை என்று இதைச் சொல்லிவிட முடியாது. நான் இதைப் புரிந்துகொள்கிற விதம் இது: ஆய்வேட்டின் நடையும் கடுமையும் அவருடைய சொந்தச் சொத்து. தனக்கு உரியதைக் குறைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது. லாகூரில் நீக்கச் சொன்னது கோடிக்கணக்கான சனங்களின் வழக்கை. அதை விட்டுக்கொடுக்க அவருக்கே உரிமை கிடையாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

தங்கையோடு உட்கார்ந்து நாங்கள் வகுத்துக்கொண்டதும் இதுதான். அவள் பெயர் அவளுடையது, எடுக்கலாம். அவள் நடை, அத்தியாய வரிசை, மேற்கோள் காட்டும் கோட்பாடு எல்லாம் அவளுடையவை, மாற்றலாம். ஆனால் மாத்துக் கணக்கு அவளுடையதில்லை. 'காலனி' என்கிற சொல் அவளுடையதில்லை. அந்தப் பெண்கள் ஏன் மோல்டு வேலைக்கே வந்து சேர்கிறார்கள் என்பதற்கு அவர்கள் சொன்ன காரணத்தில் சாதி இருக்கிறது. அதை எடுத்தால் லாபம் இவளுக்கு, நஷ்டம் அவர்களுக்கு. பிறர் பொருளை விற்று நாம் வேலை வாங்குவதற்குப் பெயர் திருத்தம் ஆகாது.

சித்தப்பா இதை ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு வார்த்தைய எடுத்தா வேல கெடைக்கும்னா எடுத்துட்டுப் போ சாமி. வேலைக்குப் போயி அப்பறம் பேசு" என்றார். நாற்பது வருடம் கல்லுடைத்த மனுசனிடம் அறம் பேச எனக்கு நா எழவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை. வேலையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அடுத்த பிள்ளையின் கட்டுரையை மதிப்பிடுகிற நாற்காலியும் கிடைக்கும். ஆனால் அந்த இரண்டு வார்த்தையை எடுத்துப் பழகிய கை, நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அடுத்தவளிடமும் எடுக்கச் சொல்லும். மூன்றாவது மதிப்பீட்டாளர் நம்மில் ஒருவராகவே இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? அவருக்கும் பெயர் இல்லையே.

*

இந்த மதிப்பீட்டுக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கிற பெயர், சமமானவர்கள் செய்கிற மதிப்பீடு என்ற பொருள் தருவது. படிப்படியான ஏற்றத்தாழ்வே சமூகமாக இருக்கிற இடத்தில் சமமானவர் என்று யாரைச் சொல்வது? மோல்டு வேலையின் அறிவுக்கு யார் சமம்?

திருத்திய கட்டுரையை அனுப்புவதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலனி வேப்பமரத்தடியில் அதைத் தமிழில் முழுக்கப் படித்தோம். பெங்களூரிலிருந்து வந்திருந்த பதினேழு பெண்கள் இருந்தார்கள். வரிசையில் முதலில் யாரை எங்கே நிறுத்துவது என்பதை மேஸ்திரி முடிவு செய்கிறார் என்ற இடம் வந்ததும் கூச்சல் கிளம்பிவிட்டது. "மேஸ்திரி எங்க போட்டாரு? அவரு ஆளுக் கணக்கு எண்ணிட்டு டீக்கடைக்குப் போயிடுவாரு. எடம் பிரிக்கிறது நாங்கொ" என்றார்கள். பங்கு பிரிக்கிற இடத்தில் ஒரு கணக்குப் பிழையையும் பிடித்தார்கள். ஒரு பெண், ராத்திரி மோல்டில் மாத்து எண்ணிக்கை வேறு என்றாள். அது கட்டுரையில் இல்லவே இல்லை. ஆய்விதழின் மூன்று மதிப்பீட்டாளர்களும் தொடாத இடங்கள் இவை. தொட அவர்களால் முடியாது.

அன்றைக்கே பெயரைப் பற்றியும் கேட்டோம். பதினோரு பேர் வேண்டாம் என்றார்கள். ஆறு பேர் போடு என்றார்கள். அந்த ஆறு பெயர்களையும், அவற்றோடு ஆயாவின் அத்தை பெயரையும், நன்றி சொல்லும் பகுதியில் 'இந்தக் கட்டுரையின் அறிவுக்கு உரியவர்கள்' என்று எழுதித் தனித் தாளில் சேர்த்தாள் தங்கை. சாதி என்ற சொல்லை ஏன் எடுக்கவில்லை என்று பதிப்பாசிரியருக்கு ஒரு பக்கம் காரணமும் எழுதினாள்.

அந்த இதழ் கட்டுரையை ஏற்கவில்லை. முதல் மதிப்பீட்டாளர் சம்மதித்திருந்தார். மற்ற இருவரும் இல்லை. இப்போது கட்டுரை வேறோர் இதழில் மதிப்பீட்டில் இருக்கிறது. தங்கை இன்னும் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறாள்.

அங்கே ஏன் போய்க் கதவைத் தட்ட வேண்டும், நமக்கென்று பத்திரிகைகள் இல்லையா என்று சில தோழர்கள் கேட்டார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' நடத்தினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். யாரிடமும் போய் மதிப்பீடு கேட்டு நிற்காமல் சொந்தப் பெயரில் பேசிய மரபு அது. இந்தப் பக்கங்களும் அதில் வந்தவைதான். ஆனால் தொழிலாளியை எப்படி நடத்துவது என்பதை மேலாளர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற பாடம் அந்த ஆய்விதழ்களிலிருந்துதான் போகிறது. அந்தப் பாடத்தில் நாம் 'ஷ்மிட்' ஆகவே கிடப்பதா? இங்கேயும் எழுத வேண்டும், அங்கேயும் எழுத வேண்டும்.

ஆய்வு செய்கிற நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உங்கள் பெயரை எடுத்துவிட்டு அனுப்புங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அனுப்புவதற்கு முன்பு, யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர்கள் பாஷையில் அவர்களுக்கு ஒருமுறை படித்துக் காட்டுங்கள். பிழை சொன்னால் திருத்துங்கள். பெயரைப் போடச் சொன்னால் போடுங்கள், வேண்டாம் என்றால் காப்பாற்றுங்கள். அவர்கள் சொன்ன சொல்லில் எதையாவது எடுக்கச் சொல்லி இதழிலிருந்து கடிதம் வந்தால், அதற்குப் பதில் எழுதும் முன்பு திரும்பவும் அந்த வேப்பமரத்தடிக்குப் போய்க் கேளுங்கள்.